சிமெண்ட் லேபுக்கு வந்த கிளாரினெட்டுகள்

போன மாதம் எதிர் வீட்டு மும்தாஜ் ஒரு நீளமான கறுப்புப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவள் லப்பைக்குடிக்காட்டுப் பெண். புருஷன் குவைத்தில். பெரம்பலூரில் எங்கள் தெருவில் கார்கோ பெட்டி வந்து இறங்கினால் அதைப் பிரிக்கும்போது பக்கத்து வீட்டில் ஒருவராவது கூட நிற்பது வழக்கம். அன்று என் முறை போலிருக்கிறது.

"அக்கா, மச்சான் அனுப்பியிருக்காங்க. கூட வேலை பாத்தவரு ஊருக்குத் திரும்பறப்ப சும்மா குடுத்துட்டுப் போனாராம். ஏதோ கிளாரினெட்டாம். பெட்டியில எபோனி மரம்னு போட்டிருக்கு. மரந்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

"மரமா இருந்தா என்ன செய்யப் போறே?"

"மரம்னா பீரோவுல வைக்கணும். பிளாஸ்டிக்னா பரண்ல போட்டுடலாம்."

இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் சந்தேகம் கேட்டதில்லை. பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து, கட்டை விரலால் சூடேறும்வரை தேய்த்து, முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. உள்ளே வெளிச்சத்தில் பார்த்தால் மயிரிழை போல ஒரு கோடு. "பரண்" என்றேன். மும்தாஜுக்குப் பாதி வருத்தம், பாதி நிம்மதி. பீரோவில் ஏற்கெனவே இடமில்லை.

"மோந்து பாத்தே சொல்லிட்டீங்களேக்கா" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்குச் சொல்ல வாய்க்காததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் அடுப்பில் எதுவும் இல்லை என்று நம்புகிறேன்.

என் மூக்குக்குப் பயிற்சி பாடாலூரில் நடந்தது. நீங்கள் பாடாலூர் வழியாகப் போயிருப்பீர்கள், இறங்கியிருக்க மாட்டீர்கள். திருச்சியிலிருந்து சென்னை போகிறவர்கள் பாடாலூரில் இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பஞ்சர்தான். அந்தக் காரணத்தை நம்பி அப்பா ரோட்டோரத்தில் டயர் கடை வைத்திருந்தார். டியூபுக்கு ஒட்டுப் போட்டு, இரும்பு அச்சில் வைத்து இறுக்கி, சூடு காட்டுவார். அப்போது ஒரு நாற்றம் கிளம்பும். ரப்பரும் கந்தகமும் சேர்ந்து வேகும் நாற்றம். எங்கள் வீட்டில் சோறு, துணி, பாடப் புத்தகம், தலையணை எல்லாவற்றிலும் அது இருந்தது. கெமிஸ்ட்ரி படிக்கத் திருச்சிக் கல்லூரிக்குப் போனபோது, லேபில் கந்தகம் எரித்தால் மற்ற பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வார்கள். எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

படிப்பு முடிந்ததும் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் லேபில் டிரெய்னியாக வேலை கிடைத்தது. பாடாலூரில் ஏறிப் பெரம்பலூரில் இறங்கி, அங்கே அரியலூர் பஸ் பிடிக்க வேண்டும். முதல் பஸ்ஸில் சின்ன வெங்காய மூட்டை வாசனை. இரண்டாவதில் சுண்ணாம்புக்கல் தூசி. ஆலை நெருங்க நெருங்க ரோட்டோரப் புளிய மரங்கள் எல்லாம் பவுடர் பூசிக்கொண்டு நிற்கும். லேபில் என் வேலை சிமெண்டைச் சலிப்பது, எடை போடுவது, கட்டியாக வார்த்து நாள் கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அதை மெஷினில் வைத்து நொறுக்குவது. எவ்வளவு அழுத்தத்தில் நொறுங்கியது என்று எழுதினால் அன்றைய கடமை முடிந்தது. நொறுக்குவதற்காகவே ஒரு பொருளை இவ்வளவு அக்கறையாக வளர்க்கும் வேலை வேறு எங்கும் இருக்காது.

அந்த வருஷம் ஆலைக்குப் புதிதாக வந்த பெரிய மேலாளருக்கு பேண்டு வாத்தியம் என்றால் உயிர். அதற்கு முந்தின சுதந்திர தினத்துக்கு வெளியிலிருந்து கூப்பிட்ட பேண்டு செட்டு, அணிவகுப்புக்கு ஒரு சினிமாக் காதல் பாட்டை வாசித்துவிட்டதாம். செக்யூரிட்டி ஆட்கள் அதற்கும் காலை எடுத்து வைத்து நடந்திருக்கிறார்கள். ஆகவே இனி ஆலைக்கென்று சொந்த பேண்டு வேண்டும், தொழிலாளர்களே வாசிக்க வேண்டும் என்று முடிவானது. டிரம்மும் டிரம்பெட்டும் உள்நாட்டிலேயே வாங்கினார்கள். கிளாரினெட்டுகள் மட்டும் வெளிநாட்டிலிருந்து, விலை மலிவு என்று, ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கின. பில்லில் "கருமரம், முதல் தரம்" என்று இருந்தது.

ஸ்டோர்ஸில் ஒரு விதி உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் தரச் சோதனைச் சான்று இல்லாமல் உள்ளே எடுக்கக் கூடாது. விதியை எழுதியவர் ஜிப்சத்தையும் நிலக்கரியையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனாலும் விதி விதிதான். பெட்டி லேபுக்கு வந்தது. லேப் இன்சார்ஜ் அதைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க பாத்துடுங்கம்மா. ஒண்ணே ஒண்ண வேணா மெஷின்ல வெச்சு நொறுக்கிப் பாருங்க."

ஸ்டோர் கீப்பர் போனில் கேட்டார். "இதுக்கும் இருபத்தெட்டு நாள் ஆகுமா மேடம்?"

சிமெண்டு முழு பலத்துக்கு வர அவ்வளவு நாள் ஆகும். கிளாரினெட்டு எத்தனை நாளில் பலத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன் நான் கிளாரினெட்டைப் பார்த்ததெல்லாம் ஊர்வலத்தில், அதுவும் பின்பக்கத்திலிருந்து.

பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தவர் அழகேசன். பேக்கிங் பிளாண்டில் ஒப்பந்தத் தொழிலாளி. நாள் முழுக்க மூட்டை நிரப்புகிற இடம் அது. அங்கிருந்து வருகிறவர்களுக்குக் கண் இமை மட்டும்தான் சொந்த நிறத்தில் இருக்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பூலாம்பாடிப் பக்கம் ஒரு கிராமம். மனைவி சுமதி, ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று நான் கவனித்தது வேறு.

ஒரு கிளாரினெட்டு ஐந்து துண்டாக வரும். நான் இரண்டு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எது எதற்குள் போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அழகேசன் பொறுமை இழந்து, என் கையிலிருந்து வாங்கி, முனையிலிருந்த கார்க்கில் கொஞ்சம் மெழுகு தடவி, நடு இரண்டு துண்டையும் சேர்க்கும்போது ஓட்டையை மூடித் திறக்கும் ஒரு கீயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதைத் திருகி, கடைசியில் ரீட் என்கிற நாணல் பட்டையை வாயில் ஈரப்படுத்தி மாட்டிவிட்டார். மாட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது.

"வாசிப்பீங்களா?" என்றேன்.

"இல்லைங்க மேடம்."

"இவ்ளோ சரியா மாட்டுறீங்களே?"

"மாட்டுறது வேறங்க. வாசிக்கிறது வேற."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் ஸ்டோர்ஸில் சொல்லி, சோதனை முடியும்வரை மத்தியானத்தில் அவரை லேபுக்கு அனுப்பச் சொன்னேன். தூசியிலிருந்து ஒரு மணி நேரம் விடுதலை என்பதால் அவரும் மறுக்கவில்லை.

முதலில் மரமா இல்லையா என்பது. அவர் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அடித்துச் சொன்னார். "மரந்தாங்க. ரேகை பாருங்க. வெயிட்டப் பாருங்க. எங்கப்பா வெச்சிருந்ததும் இதே வெயிட்டுதான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் காதில் விழாத மாதிரி ரேகையைப் பார்த்தேன். மெல்லிய கோடுகள், அசல் மரம் மாதிரியேதான். அடுத்ததை எடுத்தேன். அதிலும் அதே கோடு, அதே இடத்தில் வளைந்து, அதே இடத்தில் முடிந்தது. பெட்டி முழுக்க அப்படித்தான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குக்கூடக் கைரேகை ஒன்றாக இருக்காது. வார்க்கும் அச்சிலேயே நீளவாக்கில் கீறல் போட்டு மரம் போல் காட்டியிருந்தார்கள். உள்பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால் அச்சில் வார்த்த கோடு தெரிந்தது. கீ இல்லாத குட்டித் துண்டு ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டு எடைக்கும் அளவுக்கும் கணக்குப் போட்டேன். கருமரம் கல் மாதிரி மூழ்க வேண்டும். இது யோசித்து யோசித்து மூழ்கியது.

கடைசியாக ஊசி. நுனியைச் சிவக்கக் காய்ச்சி, வெளியே தெரியாத இடத்தில் தொட வேண்டும். மரமென்றால் கருகும், அடுப்படி வாசனை வரும். ஊசி மெழுகில் இறங்குவது போல இறங்கியது. பிளாஸ்டிக் வாளி அடுப்பில் விழுந்தால் வருமே, அந்த நாற்றம்.

அழகேசன் திரிந்த பாலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "பிளாஸ்டிக்கா? இத்தனையுமா?"

"இத்தனையும்."

அடுத்து கீகள். சிலவற்றில் லேசாக வளைத்தால் வளைந்து கொடுத்தது. சிலவற்றில் ஒடிந்தது. முலாமுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று, உடைந்த பிஸ்கட் மாதிரி இருந்தது. ஓட்டைகளை மூடுகிற பேடுகள் ஒழுங்காக உட்கார்கின்றனவா என்று பார்க்க, மெல்லிசுக் காகிதத்தை அடியில் வைத்து இழுத்துப் பார்த்தோம். பிடித்தால் நல்லது, வழுக்கினால் காற்று போகிறது என்று அர்த்தம். அழகேசன் எல்லா ஓட்டையையும் விரலால் மூடி, அடிப்பக்கம் நான் உள்ளங்கையால் அடைக்க, வாயால் காற்றை உறிஞ்சுவார். நல்லதென்றால் என் கையை உள்ளே இழுக்கும். நான் தேறாது என்று ஒதுக்கிய சிலதை அவர், "சூடு ஏறட்டுங்க, பேடு உக்காந்துக்கும்" என்று மீட்டார். மறுநாள் பார்த்தால் அதில் பாதி உட்கார்ந்திருந்தது, பாதி இல்லை. எங்கள் இருவருடைய கணிப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தப்பாக இருந்ததால் சண்டை வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். லேபில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பழைய கிளாரினெட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எங்கப்பாவோடதுங்க. இதயும் பாத்துச் சொல்லுங்க."

கறுப்பு போய்ப் பழுப்பேறி இருந்தது. தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. மாதம் ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைப்பாராம். அப்பா சொல்லிவிட்டுப் போனதாம். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். நான் சிமெண்டு சலித்துக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருக்கும்போது எதிராளிக்குப் பேச வசதி.

அவருடைய அப்பா ஊரில் சாவுக்கும் சாமிக்கும் வாசித்தவர். வாசித்தவரை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்பதை அழகேசன் வார்த்தையாகச் சொல்லவில்லை. "தலை நரைச்ச மனுசன், அரை டவுசர் போட்ட பசங்க 'வாடா போடா'ம்பாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் சின்ன வயசிலேயே வாசிக்க வந்துவிட்டது. கல்யாணமானதும் விட்டுவிட்டார். தூசியானாலும் பரவாயில்லை, மூட்டை தூக்குகிறவனைத் தனியாக யாரும் அடையாளம் கண்டு கூப்பிட மாட்டார்கள் என்றுதான் ஆலைக்கு வந்தார். இங்கே ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

"அப்பா இத மரம்னு சொல்வாரு. உச்சி வெயில்ல எடுக்கவே மாட்டாரு. வெடிச்சிடுமாம். எந்தச் சாவா இருந்தாலும் வெயில் தாழட்டும்பாரு. ஒரு தடவ பெரிய வூட்டுச் சாவு. பன்னெண்டு மணிக்கு எடுக்கணும்னாங்க. இவரு மாட்டேன்னுட்டாரு. அடிச்சுட்டாங்க."

நான் சலிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஒரு கட்டைக்காக அடி வாங்கினாரேன்னு எனக்கு அவரு மேல கோவம். அதான் உண்மையிலயே மரமான்னு..."

ஊசி வேண்டியிருக்கவில்லை. கட்டை விரலால் தேய்த்தேன். சூடேறியதும் மூக்கருகே கொண்டுபோனேன். பாடாலூர். அப்பா கடை, இரும்பு அச்சு, ஒட்டுப் போட்ட டியூபு, எல்லாம் அப்படியே வந்தது. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் இன்னொரு தரம் தேய்த்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வழி.

"மரம் இல்லைங்க. ரப்பர். கந்தகம் போட்டுக் கெட்டியாக்கின ரப்பர். இந்தப் பழுப்பு மரத்தோட நிறமில்ல. வெளிச்சம் பட்டுப் பட்டு மேல்தோல் மாறினது."

"வெயில்ல வெடிக்குமா?"

"வெடிக்காது. இன்னும் கொஞ்சம் பழுப்பாகும். அவ்ளோதான்."

கிரஷர் ஓடுகிற சத்தம் மட்டும். ஆலையில் நிசப்தம் என்றால் அதுதான். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. அழுகிறாரோ என்று நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"மரமில்லேன்னு. பழுது பாக்கறதெல்லாம் அவரேதான். எத்தன தடவ காய்ச்சி ஒட்டியிருப்பாரு. நாத்தம் தெரியாமலா இருக்கும்? 'எனக்கு வெயிலு தாங்கல, என்னால முடியல'ன்னு சொன்னா யாராச்சும் கேப்பாங்களா? கட்டை வெடிச்சிடும்னு சொன்னா யோசிப்பாங்க. பாதிச் சாவுக்கு வெயில் தாழ்ந்துதான் எடுத்தாங்க, தெரியுமா?"

அவர் சொன்னது சரியா என்று சோதிக்க லேபில் ஒரு கருவியும் இல்லை. ஆனால் நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

கிளாரினெட்டைத் துண்டில் சுற்றியபடியே சொன்னார். "சுமதி ஒரு மாசமா உசுர வாங்குறா. பேண்டுல சேர்றவங்கள கம்பெனி ரோல்ல எடுப்பாங்களாமே?"

அப்படி ஒரு பேச்சு இருந்தது உண்மை. வேலைக்கு ஆள் எடுக்கும் பர்சனல் மேனேஜர் கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரம், பேக்கிங்கிலிருந்து வேறு பிரிவு. சுமதியை அதற்குள் ஒரு தடவை ஆலை கேட் அருகே பார்த்திருந்தேன். ஒல்லியாக, குடையை மடக்கித் தடி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் இருமுவதைக் கேட்டுக் கேட்டு, ராத்திரி எத்தனை மணிக்கு எழுவார் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. அவளைப் பொறுத்தவரை கிளாரினெட்டு என்பது தூசியில்லாத இடத்துக்குப் போகிற ஒரு குழாய்.

இதில் என் பங்குக்கு ஒரு சிக்கல். சான்றில் நான் பிளாஸ்டிக் என்று எழுதினால் பெட்டி திரும்பிப் போகும், பேண்டும் அதோடு போகும் என்று பர்சனல் மேனேஜர் பயந்தார். லேபுக்கே வந்துவிட்டார்.

"மரம்னு எழுதிடுங்கம்மா. யாரு ஊசி வெச்சுப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

நான் டிரெய்னிதான் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். நான் அன்று மாலை பெரம்பலூர் பஸ்ஸில், அங்கிருந்து திருச்சி பஸ்ஸில், பாடாலூரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது என்று மொத்தப் பிரயாணத்திலும் ஒரே ஒரு வாக்கியத்தை யோசித்துக்கொண்டு போனேன். மறுநாள் எழுதினேன். பொருள் மரமல்ல, பிளாஸ்டிக். பில்லில் உள்ள விலை மரத்துக்கு உரியது. ஆனால் இவ்வூர் வெயிலுக்கும் தூசிக்கும் மரத்தைவிடப் பிளாஸ்டிக்கே ஏற்றது. கீ ஒடிகிறவற்றைத் திருப்பி அனுப்பலாம், மற்றவை பயன்பாட்டுக்குத் தகுதி. ஒலி: சோதிக்க லேபில் வசதியில்லை.

லேப் இன்சார்ஜ் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெரிய மேலாளர் என்னைக் கூப்பிட்டார். போகும்போது வேலை போய்விட்டது என்று முடிவுகட்டி, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஒலியைச் சோதிக்க என்ன வேணும்?"

"வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும் சார்."

"இருக்காரா?"

அழகேசன் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? "விசாரிக்கிறேன் சார்" என்று வெளியே வந்தால், வராந்தாவில் அழகேசன் நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவி, தலை வாரி, அன்றைக்குத்தான் அவருடைய நிறம் இன்னதென்று தெரிந்தது. கூட சுமதி, குடையோடு. அவளாகவே கதவைத் தட்டிவிட்டாள்.

பில்லில் விலையைக் குறைத்துக்கொண்டு பெட்டியை ஏற்றுக்கொண்டார்கள். பேண்டு உருவானது. போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து அணிவகுப்புப் பாட்டுகள் சொல்லிக்கொடுத்தார். பேக்கிங் பிளாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சாயங்காலம் பயிற்சி. முதல் மாதம் அங்கிருந்து வந்த சத்தத்துக்கு ஆலையில் இருந்த நாய்கள் எல்லாம் கன்வேயர் பக்கம் குடிபோயின. போகப்போக அதில் ஒரே ஒரு கிளாரினெட்டு மட்டும் வழி தெரிந்து நடப்பது கேட்கும். மற்றவை அதன் பின்னால் தடவிக்கொண்டு வரும். லேபில் தூசி வரும் என்று எப்போதும் சாத்தியிருக்கும் ஜன்னலை நாங்கள் அந்த நேரத்துக்குத் திறந்து வைப்போம். லேப் இன்சார்ஜ் தராசுக்கு மட்டும் துணி போட்டு மூடிவிடுவார்.

சுதந்திர தினம் வந்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு வரலாம், லட்டு உண்டு என்று அறிவிப்பு. சிறப்பு விருந்தினர் தாமதம். வெயில் ஏறிவிட்டது. பேண்டுக்காரர்கள் நீலச் சட்டையும் தொப்பியுமாக நின்றார்கள். கறுப்பு பிளாஸ்டிக் எவ்வளவு சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவழியாக விருந்தினர் வந்தார், கொடி ஏறியது, அணிவகுப்பு கிளம்பியது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

லாரி காண்டிராக்டர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் அழகேசனின் ஊர்க்காரர், பெரிய வீட்டுப் பிள்ளை. பேண்டு அவரைத் தாண்டும்போது பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்கிற மாதிரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என்னடா அழகேசா, எங்க வூட்டு வாசல்ல வாசிச்சது பத்தலையா? இங்கயும் வந்துட்டியா?"

கிளாரினெட்டு நின்றுவிட்டது. அது நின்றதும் பின்னால் வந்தவை ஒவ்வொன்றாக வழி தெரியாமல் நின்றன. டிரம் மட்டும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு அதுவும் நின்றது. செக்யூரிட்டி ஆட்கள் ஒரு காலைத் தூக்கியபடி. மேடையில் பெரிய மேலாளர் நெற்றியில் வைத்த கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல். அழகேசன் கிளாரினெட்டை இறக்கித் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு எதையாவது நொறுக்க வேண்டும் போலிருந்தது. மெஷின் லேபில் இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து சுமதி எழுந்தாள். கத்தவில்லை. சோறு ஆறுகிறது, வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுகிற குரல்தான்.

"யூனிபாரம் போட்டு நிக்கிறீங்க. மாசச் சம்பளம். யாரு வூட்டு வாசல்லயும் இல்ல. வாசிங்க."

அவர் நிமிர்ந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வாசித்தார். காண்டிராக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் காரணமாக இருக்கலாம்.

பிறகு லட்டு வாங்கும் வரிசையில் அழகேசன் என்னிடம் சொன்னார். "பாட்ட எந்த இடத்துல விட்டேன்னு மறந்துபோச்சு மேடம். முதல்லேருந்து வாசிச்சுட்டேன். பாவம், பெரியவரு ரெண்டு தடவ சல்யூட் அடிக்க வேண்டியதாப் போச்சு."

கம்பெனி ரோல் அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. கேன்டீனில் சொன்னதைக் கேன்டீனிலேயே விட்டுவிட்டார் பர்சனல் மேனேஜர். சுமதி அவர் ஆபீஸ் வராந்தாவில் வந்து உட்கார ஆரம்பித்தாள். சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. காலையில் வருவாள், குடையைப் பக்கத்தில் வைப்பாள், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவாள், சாயங்காலம் "வரேங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். அன்று மேனேஜரே பியூனிடம் "அந்தம்மா எங்க?" என்று கேட்டாராம். அப்போதே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். அழகேசனை ஸ்டோர்ஸில் உதவியாளராகப் போட்டார்கள். இருமல் ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் சுமதி ராத்திரியில் தூங்க ஆரம்பித்தாள்.

எனக்குக் கல்யாணமாகி, பெரம்பலூருக்கு வந்து, வேலையை விட்டேன். அதற்குள் பெரிய மேலாளர் வடக்கே மாற்றலாகிவிட்டார். அடுத்து வந்தவருக்குச் சத்தம் ஆகாது. சிமெண்ட் ஆலைக்கு அவர் ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பயிற்சி வாரம் ஒன்றானது, மாதம் ஒன்றானது, பிறகு கிளாரினெட்டுகள் ஸ்டோர்ஸ் அலமாரிக்குப் போயின. பேடுகளைப் பூச்சி தின்றது. கார்க்கை எலி தின்றது. பிளாஸ்டிக் மட்டும் வந்த நாளில் இருந்த மாதிரியே இருந்ததாம். ஒரு வருஷம் பழைய சாமான் ஏலத்தில், ஓட்டை டிரம்மோடும் கிழிந்த கன்வேயர் பெல்ட்டோடும் அவையும் போயின. ஏலத்துக்கு எடை போட்டுக் கொடுத்தது அழகேசன்தான் என்று யாரோ சொன்னார்கள்.

சமீபத்தில் அரியலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது, என்னவோ தோன்றி ஆலை நிறுத்தத்தில் இறங்கினேன். புளிய மரங்கள் இல்லை, ரோடு அகலமாகியிருக்கிறது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் பெரிய கோபுரம் மாதிரி ஏதோ நிற்கிறது. லேப் இப்போது முழுக்கக் கண்ணாடி, குளிர்சாதனம். திறப்பதற்கு ஜன்னலே கிடையாது. கேட்டில் இருந்த செக்யூரிட்டித் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னேன். ரிட்டயராகிட்டாருங்க, மாத்தலாயிட்டாருங்க, தெரியலீங்க, என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தான். கடைசியில் அழகேசன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"ஸ்டோர்ஸ் சாருங்களா? எங்க ஊர்தாங்க. அவங்க வூட்டுக்கு அடுத்த தெரு எங்க வூடு. இப்ப பொண்ணு கூட கோயம்புத்தூர்ல இருக்காங்க. பொங்கலுக்கு வருவாங்க. எங்களுக்கெல்லாம் வேலைக்கு எழுதிப் போடச் சொல்லி யோசனை சொல்றதே அவங்கதான்."

"நல்லா வாசிப்பாரே" என்றேன், என்னை அறியாமல்.

"வாசிப்பாருங்களா?" தம்பி கொஞ்சம் யோசித்தான். "என்னங்க, பேப்பரா?"

"ஆமாம்பா. பேப்பர் வாசிப்பாரு."

பெரம்பலூர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.